பெயர் எழுதாமல் விட்ட இடம்

காய்ச்சல் விட்டாயிற்று. குழந்தை சாப்பிடத் தொடங்கிவிட்டது, சிடுசிடுப்பும் குறைந்துவிட்டது. வீட்டார் நிம்மதியாக மூச்சுவிடும் அந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விரல் நுனியில், நகக்கண்ணை ஒட்டினாற்போல், தோல் வெடித்து மெல்லிய ஏடாக உரியத் தொடங்குகிறது. வலி இல்லை, ரத்தம் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது உடம்பு தேறிவருவதன் அடையாளமாகத்தான் படும். ஆனால் கவாசாகி நோய் கண்ட குழந்தைக்கு ஆபத்து கூடுதலான நாட்கள் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் வருகின்றன. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் சுவர் அழற்சியால் நைந்து, ஓரிடத்தில் பலூன்போல் உப்பி, அந்த உப்பலுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடிய நாட்கள் அவை. வெளியே தெரிவது ஒரு கணக்கில் ஓட, உள்ளே நடப்பது இன்னொரு கணக்கில் ஓடுகிறது. இரண்டும் ஒரே நோயின் கணக்குகள் என்பது மருத்துவ உலகத்துக்குப் புரிய நெடுங்காலம் ஆயிற்று. அப்படிப் புரிந்ததற்குக் காரணம் ஒரு புதிய கருவியோ புதிய பரிசோதனையோ என்று நினைக்கத் தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் வேறு இரண்டு காரியங்கள் முன்னால் நிற்கின்றன. கையில் இருந்த நோய்ப் பெயர்களில் ஒன்றை எழுதிச் சமாளிக்காமல் ஒரு மருத்துவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டார். பிறகு ஒரு நாட்டின் மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து எண்ணத் தொடங்கின.

அந்த மருத்துவர் தோமிசாகு கவாசாகி. 1925-இல் தோக்கியோவின் அசாகுசா பகுதியில் பிறந்தவர். 1948-இல் சிபாவில் மருத்துவம் படித்து முடித்து, 1950-இல் தோக்கியோ செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் குழந்தை மருத்துவராகச் சேர்ந்தார். முதல் 10 ஆண்டுகள் அவருடைய ஆராய்ச்சி பால் ஒவ்வாமை பற்றியதாக இருந்தது. 1961 ஜனவரியில் 4 வயது 3 மாதம் நிரம்பிய ஒரு சிறுவன் அவரிடம் சேர்க்கப்பட்டான். காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு கண்களின் வெள்ளைவிழியும் சிவந்திருந்தன, உதடு வறண்டு வெடித்திருந்தது, உடம்பெங்கும் தடிப்பு, கழுத்தில் நெறி. பின்னர் விரல் நுனியில் தோல் உரிந்தது. சிறுவன் பிழைத்து வீட்டுக்குப் போனான். நோய் இன்னதென்று தெரியவில்லை என்பதே அவனுடைய பதிவேட்டில் நின்ற முடிவு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே கோலத்தில் இன்னொரு குழந்தை வந்தது. ஒன்று மட்டும் வந்திருந்தால் அதை விதிவிலக்கு என்று விட்டிருக்கலாம். இரண்டாவது வந்தபோது முதலாவது நினைவுக்கு வந்தது என்றால், முதலாவதன் இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருந்ததுதான் காரணம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. எழுதுவதற்குப் பெயர் இல்லாமல் அவர் தவிக்கவில்லை. காய்ச்சல், தடிப்பு, சிவந்த நாக்கு, கடைசியில் தோல் உரிதல் என்று வந்தால் ஸ்கார்லட் காய்ச்சல் என்று எழுத எல்லா மருத்துவரும் பழகியிருந்தார்கள். கண், வாய், தோல் மூன்றும் சேர்ந்து கெட்டால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கூட்டம் என்று ஒரு பெயர் இருந்தது. முழுதாகப் பொருந்தாவிட்டால் முன்னால் 'இயல்பு மாறிய' என்று ஓர் அடைமொழி போட்டுக்கொள்ளலாம். அன்றைய மூத்த மருத்துவர்கள் சிலர் அதைத்தான் செய்யச் சொன்னார்கள். ஆனால் ஸ்கார்லட் காய்ச்சல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வருவது, பெனிசிலினுக்கு அடங்குவது. இந்தக் குழந்தைகளுக்குப் பெனிசிலின் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. ஸ்டீவன்ஸ்-ஜான்சனில் கொப்புளம் கிளம்பி வாய்ப்புண் ஆறாமல் கிடக்கும், கண்ணில் பீளை தள்ளும். இவர்களுக்குக் கொப்புளமும் இல்லை, பீளையும் இல்லை. பெனிசிலின் வருவதற்கு முந்தைய தலைமுறையில் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. எல்லாக் காய்ச்சலும் தன் போக்கில் ஓடித் தணிந்த காலத்தில், மருந்துக்கு அடங்காத காய்ச்சல் என்று ஒன்றைத் தனியே பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நோய்க்கான மருந்து, அதே சாயல் கொண்ட இன்னொரு நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

1962 அக்டோபரில், கையில் 7 குழந்தைகளின் விவரத்தோடு, சிபாவில் நடந்த குழந்தை மருத்துவர் கூட்டத்தில் அவர் பேசினார். தோல் உரியும், ஆனால் ஸ்கார்லட் காய்ச்சல் அல்லாத ஒரு நோய் என்பதுதான் அப்போது அவர் கொடுத்த தலைப்பு. இன்னது அல்ல என்று மட்டும் சொல்லும் அந்தத் தலைப்பு யாரையும் பெரிதாக ஈர்க்கவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகள் அவர் சேர்த்துக்கொண்டே போனார். 1967-இல் ஜப்பானிய ஒவ்வாமை இயல் இதழில் 50 குழந்தைகளைப் பற்றி 44 பக்கக் கட்டுரை வெளிவந்தது. அன்று எழுதப்பட்ட அடையாளங்கள்தான் இன்றும் குழந்தை மருத்துவர் மனப்பாடமாக வைத்திருக்கும் பட்டியலின் உடம்பு: நாட்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், பீளை இல்லாத கண்சிவப்பு, சிவந்து வெடித்த உதடும் ஸ்ட்ராபெரிப் பழம்போல் மேடுதட்டிய நாக்கும், பல வடிவத்தில் வரும் தடிப்பு, முதலில் வீங்கிச் சிவந்து பின்னர் நகக்கண்ணோரம் உரியும் கைகால்கள், கழுத்தில் ஒரு பக்கம் நெறிகட்டுதல். இந்தப் பட்டியலின் நுணுக்கம் 'இல்லை' என்ற சொல்லில் இருக்கிறது. கண் சிவப்பு ஆயிரம் நோய்களில் வரும். பீளை ஒட்டாத கண் சிவப்பு, அதுவும் கருவிழியைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் தெரியும்படி விட்டுவிட்டுச் சிவக்கும் கண் அப்படி வருவதில்லை. தட்டம்மைக் குழந்தையின் கண் கலங்கி நீர் வடியும், மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும். இங்கே கண் உலர்ந்தே சிவந்திருக்கும். ஒன்று இல்லாமல் இருப்பதையும் பார்த்து எழுதுவதற்குப் பொறுமை வேண்டும்.

பொறுமை என்று சொல்வதோடு விட்டால் அது வெறும் பாராட்டு. நேரம் என்பதும் இங்கே ஒரு நேரடியான காரணம். இந்த நோயின் அடையாளங்கள் ஒரே நாளில் கூடி நிற்பதில்லை. தடிப்பு முதல் சில நாட்களில் வந்து மறைந்துவிடலாம். கண் சிவந்து இரண்டொரு நாளில் தெளிந்துவிடலாம். உள்ளங்கை, உள்ளங்கால் வீக்கம் பிறகு வரும். தோல் உரிவது காய்ச்சலே போன பிறகுதான். ரத்தத்தில் தட்டணுக்கள் எக்கச்சக்கமாக ஏறுவதும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான். இரண்டாம் நாள் ஒரு மருத்துவர், ஐந்தாம் நாள் இன்னொருவர், பத்தாம் நாள் மூன்றாமவர் என்று காட்டினால் மூவரும் மூன்று வேறு நோய்களைப் பார்ப்பார்கள், அவரவர் பார்த்த அளவில் யார் சொன்னதும் தப்பாக இராது. ஒரே கட்டிலில் ஒரே கண்காணிப்பில் வாரக்கணக்கில் குழந்தை கிடந்தால்தான் சிதறிய அடையாளங்கள் ஒரு கோலமாகச் சேரும். ஜப்பானிய மருத்துவமனைகளில் நோயாளிகளை நீண்ட நாள் வைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அந்தச் சிறுவன் வந்த அதே 1961-ஆம் ஆண்டில்தான் அந்த நாட்டில் குடிமக்கள் அனைவரையும் மருத்துவக் காப்பீட்டுக்குள் கொண்டுவரும் திட்டம் முழுமை பெற்றது. பணத்துக்குப் பயந்து காய்ச்சல் விட்ட மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியில்லாத சூழலுக்கும் இந்த நோயின் கண்டுபிடிப்பில் பங்கு இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

இந்த இடத்தில் ஒரு கடுமையான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். கட்டிலருகே பொறுமையாகப் பார்த்தவரே மிக முக்கியமானதைத் தவறவிட்டார் அல்லவா? உண்மை. 1967-ஆம் ஆண்டுக் கட்டுரையில் கவாசாகி இந்த நோய் தானாகவே குணமாகிவிடும், பின்விளைவு வைக்காது என்றுதான் எழுதினார். இத்தனைக்கும் 1965-இலேயே அவருடைய மருத்துவமனையின் நோயியல் வல்லுநர் நோபோரு தானாகா, இந்த நோய் கண்டு பிறகு திடீரென்று இறந்த ஒரு குழந்தையின் உடலைத் திறந்து பார்த்தபோது கரோனரி தமனியில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பதைக் கண்டிருந்தார். அதே நகரத்தில், செயின்ட் லூக் மருத்துவமனையில், தாகாஜிரோ யாமாமோதோ இத்தகைய குழந்தைகளின் இதய ஒலி மாறுவதைக் கவனித்து, 1968-இல் 23 பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் 11 பேருக்கு ஈ.சி.ஜி. இயல்பாக இல்லை. கவாசாகி இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தான் பார்த்த 50 பேரும் பிழைத்து வீடு போனவர்கள் என்பது அவருக்குப் பெரிய சாட்சியாக இருந்தது. அந்தச் சாட்சிதான் அவரை ஏமாற்றியது. நூற்றில் ஒருவர், இருவர் சாகும் நோயில் 50 பேரைப் பார்த்தவர் ஒரு சாவையும் பார்க்காமல் போவது நடக்கக்கூடியதே. கூர்மையான கண் எத்தனை கூர்மையானாலும் தன் முன் வந்ததைத்தான் பார்க்கும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். வெறுமையாக விட்ட இடம் தேடலைத் தொடங்கிவைத்ததே தவிர, அதை முடித்துவைக்கவில்லை.

முடித்துவைத்தது எண்ணிக்கை. 1970-இல் ஜப்பானிய சுகாதார அமைச்சகத்தின் உதவியோடு, ஃபுமியோ கோசாகி தலைமையில் ஒரு குழு நாடு முழுவதும் முதல் கணக்கெடுப்பை நடத்தியது. தொற்றியல் அறிஞர் இட்சுசோ ஷிகெமாட்சுவும் அந்த முயற்சியில் இருந்தார். அவர்கள் செய்த காரியம் எளியது. நோயின் அடையாளங்களை வண்ணப் படங்களோடு ஒரு சிறு கையேடாக அச்சிட்டு மருத்துவமனைகளுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். இப்படிப்பட்ட குழந்தை உங்களிடம் வந்ததா, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தொலைவில் ஏதோ ஓர் ஊரில் தனக்குப் புரியாத ஒரு குழந்தையை நினைவில் வைத்திருந்த மருத்துவர், கையேட்டைத் திறந்து அந்த உதட்டையும் அந்த விரல் நுனியையும் வண்ணத்தில் பார்த்ததும் தெரிந்துகொண்டிருப்பார். பதில்கள் வந்து குவிந்தபோது, நோய் கண்டு தேறிக்கொண்டிருந்த நிலையில் திடீரென்று இறந்து, பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட 10 குழந்தைகளின் விவரம் அவற்றில் இருந்தது. அனைவருக்கும் காரணம் இதயம். ஒரு மருத்துவமனையில் ஓர் உடலைக் கண்டபோது தற்செயல் என்று தள்ள முடிந்ததை, பத்தாகச் சேர்ந்தபோது தள்ள முடியவில்லை. கவாசாகியும் ஏற்றுக்கொண்டார். 1974-இல் அவரும் கோசாகியும் ஷிகெமாட்சுவும் மற்றவர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதியபோது நூற்றுக்கு ஒன்றிரண்டு சாவு என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு அன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடாமல் நடந்துவருகிறது. 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் நோய் அலைபோல் எழுந்ததை உலகம் அறிந்தது அதனால்தான்.

பிரேதப் பரிசோதனை அறையின் பக்கம் இந்தக் கதை இன்னும் பழையது. 1871-இல் லண்டனில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் சாமுவேல் கீ, 7 வயதுச் சிறுவன் ஒருவனின் இதயத்தில் கரோனரி தமனிகள் உப்பியிருந்ததை எழுதிவைத்தார். அதன் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவ்வப்போது இப்படி இறந்த கைக்குழந்தைகளைக் கண்ட நோயியல் வல்லுநர்கள், பெரியவர்களுக்கு வரும் ஒரு தமனி அழற்சியின் பெயரோடு 'குழந்தைப் பருவ' என்று சேர்த்து எழுதிவந்தார்கள். அந்தப் பெயர் கிடைத்தது செத்தவர்களுக்கு மட்டும்தான். பிழைத்தவர்கள் வார்டில் வேறு பெயரோடு வீட்டுக்குப் போனார்கள். ஒரே நோய் இரண்டு அறைகளில் இரண்டு பெயரோடு கிடந்தது, நடுவில் கதவு இல்லை. ஹவாயில் மேரியன் மெலிஷும் ராக்கெல் ஹிக்ஸும் 1970-களின் தொடக்கத்தில், ஜப்பானியக் கட்டுரையைப் படிக்காமலே, இதே கோலத்தில் குழந்தைகளைப் பார்த்துத் தனி நோய் என்று முடிவுக்கு வந்திருந்தார்கள். அதே தீவில் நோயியல் வல்லுநர் யூனிஸ் லார்சன், லாஸ் ஏஞ்சலஸின் பெஞ்சமின் லாண்டிங்கின் ஆலோசனையோடு, 1971-இல் இறந்த ஒரு குழந்தையின் திசுக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்து இந்த நோய் என்று கண்டார். 1977-இல் லாண்டிங்கும் லார்சனும், குழந்தைப் பருவத் தமனி அழற்சி என்று பழைய ஏடுகளில் இருப்பதையும் கவாசாகி நோயால் நேரும் சாவையும் நுண்ணோக்கியில் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். அந்தச் சுவரில் கதவு திறந்தது அப்போதுதான்.

நோயே புதிதாக இருந்திருந்தால் முந்தைய மருத்துவர்கள் தவறவிட்டதாக எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைப் பிற்காலத்தில் புரட்டிப் பார்த்தவர்கள், கவாசாகிக்கு முந்தைய 1950-களிலேயே பட்டியலுக்கு முழுதும் பொருந்தும் குழந்தைகளைக் கண்டார்கள். அவர்களுக்கு வேறு பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. போருக்குப் பிந்தைய ஜப்பானில் நோய் உண்மையிலேயே பெருகியிருக்கலாம், லண்டனில் 1871-இல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. என் வாதத்துக்குப் போதுமானது இது: நோய் பெருகினால் மட்டும் அது கண்ணில் பட்டுவிடாது. அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனையில் திறமைக்கோ கருவிக்கோ குறைவில்லை. குழந்தைகளும் வந்தார்கள், குறிப்புகளும் அப்பழுக்கில்லாமல் எழுதப்பட்டன, ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் படித்து நோயைக் கண்டுகொள்ளும் அளவுக்கு. பெயருக்கான கட்டத்தை நிரப்பியதுதான் கண்ணை மூடியது.

அடுத்த திருப்பம் மருந்தால் வந்தது. குறிப்புத் தாளில் ஒரு நோயைத் துல்லியமாகப் பெயரிட்டாலும், செய்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் பெயருக்கு அவசரம் இல்லை. 1975 முதல் குருமே பல்கலைக்கழகத்தில் ஹிரோஹிசா காட்டோ, தேறிய குழந்தைகளின் கரோனரி தமனிகளைப் படமெடுத்து, பிழைத்தவர்களுக்கும் உப்பல்கள் இருப்பதைக் காட்டினார். பிறகு ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ வந்தது, உடம்பில் எதையும் நுழைக்காமல் தமனியை அளக்க முடிந்தது. 1984-இல் கென்செய் ஃபுருஷோ, பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினைச் சிரையில் ஏற்றினால் உப்பல்கள் குறைகின்றன என்று எழுதினார். 1986-இலும் 1991-இலும் ஜேன் நியூபர்கரும் அவருடைய அமெரிக்கக் கூட்டாளிகளும் அதை உறுதிசெய்து, எடையில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் ஒரே தடவையில் ஏற்றும் முறையை நிலைநிறுத்தினார்கள். மருந்து இல்லாமல் விட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு வரக்கூடிய உப்பல், காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் மருந்து ஏறினால் ஏறத்தாழ 25-இல் ஒருவருக்கு என்ற அளவுக்குக் குறைந்தது. இப்போது பட்டியலின் வேலையே மாறிவிட்டது. ஆராய்ச்சிக்காக ஒரே மாதிரியான குழந்தைகளைச் சேர்க்க எழுதப்பட்ட பட்டியல், பத்து நாள் கெடுவுக்குள் ஒரு குழந்தைக்கு மருந்து உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பட்டியல் ஆயிற்று. தோல் உரிவதற்காகக் காத்திருந்தால் கெடு தாண்டிவிடும். கவாசாகியை அந்த நோயிடம் கொண்டுசேர்த்த அடையாளமே, இன்றைய மருத்துவருக்கு வந்துசேரும்போது பெரும்பாலும் பிந்திவிடுகிறது.

எல்லாரையும் உள்ளே அழைக்க எழுதிய பட்டியல் சிலரை வெளியே நிறுத்தவும் தொடங்கியது. ஐந்து நாள் காய்ச்சல், மற்ற ஐந்தில் நான்கு என்ற கணக்கில் மூன்று மட்டும் இருந்தால்? ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சலும் சிணுங்கலும் தவிர வேறொன்றும் பளிச்சென்று தெரியாமல் போகலாம். கரோனரி பாதிப்பு அதிகம் வருவதோ அந்த வயதில்தான். அதனால் 2004-இல் அமெரிக்க இதயச் சங்கம், பட்டியல் நிரம்பாத குழந்தைகளுக்கும் ஒரு வழி வகுத்தது: சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ஆகிய அழற்சி அளவுகளைப் பார், எக்கோ எடு, காரணம் தெரியாமல் ஏழு நாள் காய்ச்சல் நீடித்த கைக்குழந்தைக்கு மற்ற அடையாளம் இல்லாவிட்டாலும் எக்கோவை நினை. இப்படித் தளர்த்தினால் சாதாரண வைரஸ் காய்ச்சல் குழந்தைக்கெல்லாம் மருந்து ஏறிவிடாதா என்ற எதிர்ப்பு எழுந்தது. மருந்து மனித ரத்தத்திலிருந்து வருவது, விலை அதிகம். பத்துக் கிலோ குழந்தைக்கு 20 கிராம் தேவைப்படும்போது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அது கழுத்தை நெரிக்கும் செலவு. இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பிழைகளின் எடை ஒன்றல்ல. தேவையில்லாமல் ஒரு முறை ஏறிய மருந்தின் கணக்கு அநேகமாகச் சில வாரங்களில் முடிந்துவிடும். தவறவிட்ட உப்பல் இருபது, முப்பது வயதில் மாரடைப்பாகத் திரும்ப வரலாம், அன்று யாருக்கும் பால்யக் காய்ச்சல் நினைவில் இராது.

இந்தியாவில் இந்த நோய் பற்றிய முதல் அறிக்கை 1977-இல் டெல்லியிலிருந்து வந்தது. அதன் பிறகும் நெடுங்காலம் இது ஜப்பானியருக்கு வரும் நோய், நம் குழந்தைகளுக்கு அரிது என்ற எண்ணம் நிலைத்தது. ஜப்பானில் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 300-க்கும் மேல் காணப்படுவது உண்மை, மரபுக்கு அதில் பங்கு உண்டு என்பதும் உண்மை. ஆனால் தட்டம்மை, டெங்கு, டைஃபாய்டு, மருந்து ஒவ்வாமை என்று தடிப்புக் காய்ச்சலுக்குத் தயாராகப் பல பெயர்கள் இருக்கும் நாட்டில், அரிது என்ற சொல்லை நம்புவதில் ஒரு சுழல் இருக்கிறது: தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் தேடவில்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தில் சுர்ஜித் சிங்கும் அவருடைய குழுவினரும் 1990-களிலிருந்து தேடியபோது ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை கூடியது. 2020-இல் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சோதனை வந்தது. இத்தாலியின் பெர்காமோவில், கொரோனா அலைக்குப் பின்னால், கவாசாகி நோயின் சாயலோடு குழந்தைகள் வந்தார்கள். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் 10 பேர், வழக்கத்தைவிட 30 மடங்கு. லண்டனிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. சென்னையின் குழந்தை மருத்துவர்கள் அந்த ஆண்டே 19 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டார்கள். சாயல் இருந்தும் அது வேறு நோய்: வயது கூடுதல், வயிற்றுவலி, ரத்த அழுத்தம் சரிந்து இதயத் தசை தளர்வது முன்னால் நின்றது. இந்த வேறுபாட்டைச் சில வாரங்களில் சொல்ல முடிந்ததென்றால், 60 ஆண்டாக மெருகேறிய ஒரு வருணனை ஒப்பிடக் கையில் இருந்ததுதான் காரணம். அந்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி, 95-ஆவது வயதில், கவாசாகி இறந்தார்.

நோய் எதனால் வருகிறது என்பதற்கு இன்னும் முடிவான விடை இல்லை. ரிக்கெட்சியா என்ற கிருமி என்றார்கள், கம்பளம் கழுவும் நீர்மம் என்றார்கள், வடகிழக்குச் சீனாவிலிருந்து வரும் காற்று என்றார்கள். காரணம் தெரியாததால்தான் இன்றுவரை இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை, அடையாளப் பட்டியலே பரிசோதனையாக நிற்கிறது. அந்தப் பட்டியலும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஜப்பானியர் அண்மையில் அதை ஆறாவது முறையாகத் திருத்தியபோது காய்ச்சல் இத்தனை நாள் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். தடிப்பு என்ற அடையாளத்தின் கீழ் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: பி.சி.ஜி. ஊசி போட்ட இடம் சிவப்பது. கவாசாகி நோய் கண்ட கைக்குழந்தைகளில் சிலருக்கு, மாதக்கணக்கில் ஆறிக்கிடந்த அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து, வீங்கி, பொருக்குத் தட்டும். வேறு காய்ச்சல்களில் இது அரிது. பி.சி.ஜி. போடாத அமெரிக்காவின் பட்டியலில் இதற்கு இடமே கிடையாது. நம்மூரில் பிறந்த உடனே இடது கையின் மேற்புறத்தில் அந்த ஊசி போட்டுவிடுகிறார்கள். காய்ச்சலோடு வரும் ஆறு மாதக் குழந்தையின் சட்டைக் கையை ஒரு விரற்கடை மேலே தூக்கினால் அந்தத் தழும்பு தெரியும்.